எதிரணிக்குக் கேபிள் கொடுத்த கதை

போன வருடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பள்ளி ஹாலில் நடந்த ரோபோ போட்டியில் எங்கள் அணிச் சிறுமி ஒருத்தி பக்கத்து மேசைக்காரர்களுக்கு மோட்டார் கேபிள் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். எங்கள் உதிரிப் பெட்டியில் மிச்சம் இருந்ததே அந்த ஒன்றுதான். அவர்களுடைய கேபிளின் கொண்டி உடைந்து, ரோபோ நகர நகர அது கழன்று கழன்று விழுந்துகொண்டிருந்தது. கேட்டார்கள், கொடுத்தாள், அவ்வளவுதான். அதை மாட்டிக்கொண்டு போய் அந்தச் சுற்றில் எங்களைவிட 40 புள்ளி கூடுதலாக எடுத்தார்கள். சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் எங்கள் அணிப் பிள்ளை ஒன்றின் அப்பா, அணியின் கோச்சான என்னைப் பிடித்துக்கொண்டார். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நல்ல மனிதர், ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகளுக்கு வடை வாங்கி வருபவர். "ஏண்ணே, நாம போட்டிக்கு வந்தோமா, அன்னதானம் போட வந்தோமா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது பதில் வரவில்லை. "சின்னப் பிள்ளைங்கதானே, விடுங்க" என்று மழுப்பினேன். அந்தப் பதில் அவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்வது போல ஆகிவிட்டது. அவள் தெரிந்துதான் செய்தாள். அவள் கொடுத்ததற்குப் பின்னால் முப்பது வருடத்துக்கும் மேலாக யோசித்து யோசித்துத் திருத்திய விதிகள் இருக்கின்றன. அதை அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போது எழுதுகிறேன்.

முதலில் இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. நாங்கள் கலந்துகொள்வது ஃபர்ஸ்ட் லெகோ லீக். எங்கள் பிரிவில் 9 முதல் 16 வயது வரை, ஒரு அணியில் அதிகபட்சம் பத்துப் பேர். 2362 மில்லிமீட்டர் நீளமும் 1143 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மேசை, அதன்மேல் விரித்த மேட், மேட்டின்மேல் லெகோவில் கட்டிய சின்னச் சின்ன அமைப்புகள். இரண்டரை நிமிடத்துக்குள் ரோபோ தானாக ஓடி, தள்ளி, தூக்கி, திருப்பி எத்தனை மிஷன் முடிக்கிறதோ அத்தனை புள்ளி. மூன்று சுற்று கிடைக்கும், மூன்றில் எது அதிகமோ அதுதான் கணக்கு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை போட்டு இரண்டு அணிகள் ஒரே நேரத்தில் ஓட்டும், ஆனால் அவரவர் ரோபோ அவரவர் மேட்டில். கபடி மாதிரி ஒருவர் காலை ஒருவர் பிடிப்பதற்கு இதில் வழியே கிடையாது. கிட்டத்தட்ட நீளம் தாண்டுதல் மாதிரி.

ஆகவே கேபிள் கொடுத்ததால் எங்கள் ரோபோ எடுத்த புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. இதைச் சொன்னால் அந்த அப்பா விடுவாரா? "ரேங்க்னு வந்துட்டா அவங்க ஒரு படி மேல போனா நாம ஒரு படி கீழதானே?" என்பார். சரிதான். அதை மறுக்க முடியாது. ஆனால் ரோபோ ஓட்டுவது மொத்த மதிப்பீட்டில் நாலில் ஒரு பங்குதான். ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள் என்பது ஒரு பங்கு, அந்த வருடத்துத் தலைப்பில் ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து தீர்வு கண்ட புராஜெக்ட் ஒரு பங்கு, அணியாக எப்படி நடந்துகொண்டீர்கள் என்பது ஒரு பங்கு. நாலும் சமம், ஒவ்வொன்றும் 25 சதவீதம். இந்தக் கடைசிப் பங்கை ஜட்ஜ்கள் அறைக்குள் உட்கார்ந்து மட்டும் போடுவதில்லை. சில வருடங்களாக, ஒவ்வொரு சுற்றிலும் மேசைப் பக்கத்தில் நிற்கும் ரெஃப்ரியும் நடத்தைக்கென்று 2, 3, 4 என்று ஒரு எண் போடுகிறார். அது ரோபோ புள்ளியோடு சேராது, நடத்தைக் கணக்கில் போய்ச் சேரும். நம் பிள்ளை கேபிளை நீட்டியபோது ரெஃப்ரி பார்த்துக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது என்றுதான் தோன்றுகிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் வேர் அமெரிக்காவில் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே வூடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் இயந்திர வடிவமைப்பு வகுப்பு நடத்தினார். மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதிரிப் பொருள் பெட்டி கொடுத்து, ஒரு இயந்திரம் செய்து, கடைசியில் எல்லோர் முன்னாலும் மோதவிடுவது வழக்கம். மோதல் என்னவோ உக்கிரமாக இருக்கும், ஆனால் முந்தின ராத்திரி பட்டறையில் அதே மாணவர்கள் ஒருவர் இயந்திரத்தை ஒருவர் சரிசெய்துகொண்டிருப்பார்கள். டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். ஃபிளவர்ஸும் சேர்ந்துகொள்ள, 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. லெகோ வைத்து விளையாடும் சின்னப் பிள்ளைகள் பிரிவு 1998இல்தான் வந்தது. உயிரைக் கொடுத்துப் போட்டி போடு, ஆனால் எதிரில் இருப்பவரை மரியாதையோடு நடத்து என்பதுதான் ஃபிளவர்ஸ் சொன்னதன் சாரம். இதற்கு அவர் இலக்கணம் எழுதி வைக்கவில்லை, வேண்டுமென்றே எழுதவில்லை. உன் பாட்டி பார்த்தால் பெருமைப்படுகிற மாதிரி நடந்துகொள் என்பார்.

டர்பன் தமிழ் வீடுகளில் பாட்டியை ஆயா என்பார்கள். தமிழ் பேச்சு பாதி போய்விட்ட வீடுகளிலும் ஆயா, தாத்தா, அண்ணா, அக்கா போகவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் ஃபிளவர்ஸ் என்றால் யார் என்று கேட்பார்கள். ஆயா பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். (ஒரு பையன் மட்டும், "எங்க ஆயா ஜெயிச்சிட்டு வாடான்னுதான் சொல்வாங்க அங்கிள்" என்றான். அதுவும் உண்மைதான், நான் அந்த ஆயாவைப் பார்த்திருக்கிறேன்.)

நல்ல மனசு இருந்தால் போதும் என்று இவர்கள் விட்டுவிடவில்லை. நல்ல மனசை விதிக்குள் நுழைத்தார்கள். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2023–24 சீசனில் கலைகள்தான் தலைப்பு, மாஸ்டர்பீஸ் என்று பெயர். அதில் ஒரு மிஷன் நாடக மேடை. ரோபோ தள்ளத் தள்ள மேடைக் காட்சியின் நிறம் மாறும். நீலத்தில் நிறுத்தினால் 10 புள்ளி, பிங்க்கில் 20, ஆரஞ்சில் 30. இவ்வளவுதான் என்றால் யாரும் யோசிக்கவே வேண்டாம், ஆரஞ்சுவரை தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கூடவே இன்னொரு வரி இருந்தது. பக்கத்து மேசை அணியின் காட்சியும் உங்கள் காட்சியும் ஒரே நிறமாக இருந்தால் இரண்டு பேருக்கும் போனஸ்: நீலத்துக்கு 20, பிங்க்குக்கு 30, ஆரஞ்சுக்கு 10. இப்போது கூட்டிப் பாருங்கள். இரண்டு பேரும் ஆரஞ்சு என்றால் ஆளுக்கு 40. இரண்டு பேரும் பிங்க் என்றால் ஆளுக்கு 50. ஆனால் நீங்கள் பேச்சை நம்பி பிங்க்கில் நிறுத்தி, அவர்கள் மட்டும் ஆரஞ்சுக்குப் போய்விட்டால் உங்களுக்கு 20தான், அவர்களுக்கு 30.

பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் வைத்த கணக்கு இது! தனியாக இருந்தால் ஆரஞ்சு பத்திரம். நம்பிக்கை இருந்தால் பிங்க் லாபம். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க ஒரே வழி, சுற்று தொடங்குவதற்கு முன்னால் பக்கத்து மேசைக்குப் போய், பேர் தெரியாத பிள்ளைகளிடம் "நீங்க எந்த கலர்?" என்று கேட்பது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு அது ரோபோவுக்கு நிரல் எழுதுவதைவிடக் கஷ்டம். எங்கள் அணியில் யார் போவது என்று பெரிய சர்ச்சையே நடந்தது. கடைசியில் வீட்டில் ஜூலு பேசுகிற பிள்ளைகளோடு தெருவில் கால்பந்து ஆடி வளர்ந்த ஒருவன் போனான், ஜூலுவில் "சாவ்போனா" சொல்லிப் பேச்சை ஆரம்பித்தான், இரண்டு நிமிடத்தில் பிங்க் பேசி முடித்துவிட்டு வந்தான். பேசிவிட்டால் மட்டும் போதாது. பிங்க்கில் சரியாக நிற்கிற மாதிரி ரோபோவை ஓட்டவும் தெரிய வேண்டும். கொஞ்சம் வேகம் கூடினால் காட்சி ஆரஞ்சுக்கு ஓடிவிடும், அப்போது எதிரில் இருப்பவர் நீ ஏமாற்றினாயா, உன் ரோபோ பிசகியதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்? ஆகவே வாக்கைக் காப்பாற்றுவதற்கும் கைத்திறமை வேண்டும் என்று இந்த மிஷன் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டது. யோசித்தவர் கையை முத்தமிடலாம்.

பெரிய பிள்ளைகளின் போட்டியில், அதாவது ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள ரோபோக்கள் ஓடுகிற பிரிவில், இந்த வேலை வேறு மாதிரி நடக்கிறது. அங்கே மூன்று அணிகள் ஒரு கூட்டணி, எதிரில் மூன்று அணிகள் ஒரு கூட்டணி. ஆனால் தகுதிச் சுற்றுகளில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டணி மாறும். பத்து மணிக்கு நீங்கள் இடித்துத் தள்ளிய ரோபோ பன்னிரண்டு மணிக்கு உங்கள் பக்கத்தில் நிற்கும். அதற்கு அப்புறம் தரவரிசையில் முன்னால் இருக்கிறவர்கள் இறுதிச் சுற்றுகளுக்கான கூட்டாளிகளைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள், எல்லோர் முன்னாலும், மைக்கில் பெயர் சொல்லி. காலையில் ஸ்பேனர் கேட்டு வந்தவனை முகம் சுளித்து அனுப்பியிருந்தால் அந்த மைக்கில் உங்கள் பெயர் வராமல் போக வாய்ப்பு உண்டு. நம் ஊர் அரசியல் கூட்டணி மாதிரிதான் என்று சிரித்தாலும், அரசியலில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: உங்கள் கூட்டாளியின் ரோபோ ஓடாவிட்டால் நீங்களும் தோற்பீர்கள், அதனால் அவர் பேட்டரியை நீங்கள் போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

2012ஆம் வருட ஆட்டத்தில் மைதானத்தின் நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு ஆடும் பாலம் வைத்தார்கள். எதிரெதிர்க் கூட்டணிகளிலிருந்து ஆளுக்கு ஒரு ரோபோ ஏறி இரண்டும் சேர்ந்து பாலத்தைச் சமநிலையில் நிறுத்தினால் இரண்டு தரப்புக்கும் தரவரிசைப் புள்ளி. அந்தக் காட்சியை வீடியோவில் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு நிமிடமாக ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த இரண்டு இரும்புப் பெட்டிகள், கடைசி நொடிகளில் மெல்ல மெல்ல நகர்ந்து, இந்தப் பக்கம் சாயாமல் அந்தப் பக்கம் சாயாமல் நிற்கும். ரோபோ ஓட்டும் பிள்ளைகள் மைதானத்தின் இரண்டு கோடியில் நின்று சைகை காட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்படி விதியால் நல்லது செய்யவைப்பது எப்போதும் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2010இல் சறுக்கியது. அந்த வருடம் தோற்ற கூட்டணிக்கும் வென்ற கூட்டணி எடுத்த புள்ளியே தரவரிசைக் கணக்கில் கிடைக்கும், வென்றவர்களுக்கோ தோற்றவர்கள் எடுத்ததில் இரண்டு மடங்கு கூடுதலாகக் கிடைக்கும் என்று விதி. எதிரியை ஒன்றுமில்லாமல் நசுக்காதே, அவனும் அடித்தால்தான் உனக்கு நல்லது என்பது விதி எழுதியவர்களின் எண்ணம். கணக்குத் தெரிந்த பிள்ளைகள் வேறொன்றைப் பார்த்தார்கள். எதற்கு மோதிக்கொள்ள வேண்டும், ஆறு ரோபோவும் சேர்ந்து ஒரே பக்கத்துக்கு கோல் போட்டால் ஆறு அணிக்கும் தரவரிசை ஏறுமே! சிலர் அப்படியே செய்தார்கள். ஆறுக்குப் பூஜ்யம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இது ஒத்துழைப்பா, ஆட்டத்தைக் கேலி செய்வதா என்று பெரிய சண்டை. விதிப்படி அதில் தப்பே இல்லை. ஆனால் பார்க்க வந்தவன் எதைப் பார்ப்பான்? என்னைக் கேட்டால், அது விளையாட்டு இல்லை. எதிரணிக்கு உதவுவதற்கு அர்த்தமே அதன்பின் இருவரும் முழு மூச்சாக மோதப் போகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நான் கேபிள் கொடுப்பது நீ நன்றாக ஓட்டி என்னை ஜெயிக்கலாம் என்பதற்காக. நான் ஓட்டாமல் உட்கார்ந்துகொண்டு உன்னை ஜெயிக்கவிடுவது வேறு கதை.

ரெஃப்ரி பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது என்று மேலே சொன்னேனே, அதற்கும் காரணம் இதுதான். நல்ல குணத்துக்கு மதிப்பெண் என்றவுடன் நல்ல குணத்துக்கு டியூஷன் வந்துவிடுகிறது. ரெஃப்ரி வந்து நிற்கும்போது மட்டும் வரிசையாகப் போய்க் கைகுலுக்கி, "குட் லக், குட் லக்" என்று ஒரே குரலில் சொல்கிற அணிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், யாரோ பெரியவர் சொல்லிக்கொடுத்திருப்பார். இன்னொன்று, கேமன் இந்தக் கூட்டுப் போட்டி முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார். எதிரிக்கு உதவுவதற்குப் பேட்டன்ட்! எங்கள் தாத்தா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் எங்கோ எழுதிய விதிகள். தென்னாப்பிரிக்காவில் இவை வேறு மண்ணில் வந்து விழுகின்றன.

இங்கே விளையாட்டில் நியாயம் என்ற பேச்சை எடுத்தால் எங்கள் வட்டாரப் பெரியவர்கள் முதலில் சொல்வது பப்வா செகோலமின் கதையை. டர்பனின் இந்தியக் குடும்பத்துப் பையன், பள்ளிக்கூடம் போகாதவர், கோல்ஃப் மட்டையைக் கைமாற்றிப் பிடித்து ஆடியவர், அதாவது எல்லோருக்கும் மேலே இருக்கிற கை இவருக்குக் கீழே. இனஒதுக்கல் ஆட்சி நடந்த 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனில் வெள்ளைக்கார ஆட்டக்காரர்களைத் தோற்கடித்து ஜெயித்தார். மழை பெய்துகொண்டிருந்தது. தோற்றவர்கள் கிளப் கட்டடத்துக்குள்ளே இருந்தார்கள். ஜெயித்தவர் உள்ளே நுழைய அனுமதி இல்லாததால் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. பிற்பாடு கிரிக்கெட் நிர்வாகி ஹசன் ஹோவா போன்றவர்கள் "இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இல்லை" என்பதைக் கோஷமாகவே ஆக்கினார்கள். எல்லோரும் நுழையவே முடியாத இடத்தில், நுழைந்தவர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொள்வதைப் பண்பாடு என்று சொல்லிக்கொள்ளலாமா என்பதுதான் அதன் கேள்வி.

இனஒதுக்கல் சட்டம் போய்விட்டது, ஹால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் உதிரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாங்கள் பயிற்சி செய்வது சாட்ஸ்வர்த்தில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் இந்தியர்களை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1960களில் குடியமர்த்திய பேட்டை, ஒரு கோயிலை ஒட்டிய கூடத்தில். கல்யாணம் இருந்தால் மேசையை மடித்துவிட வேண்டும், ஆடி மாதத்துக் கஞ்சி ஊற்றும் வாரங்களில் அண்டாக்களுக்கு நடுவில் ரோபோ ஓட்டுவோம். எங்களிடம் இருப்பது இவி3 என்ற பழைய லெகோ ரோபோ கிட். லெகோ 2021இலேயே அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பின் வந்த ஸ்பைக் பிரைம் கிட்டில் மோட்டாரோடு வயர் சேர்ந்தே வரும். இவி3இல் கேபிள் தனி. பார்த்தால் பழைய டெலிபோன் வயர் மாதிரியே இருக்கும், ஆனால் கொண்டி நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கும், அதனால் டெலிபோன் வயர் பொருந்தாது. அந்தக் கொண்டிதான் முதலில் உடையும். உடைந்தால் கடையில் போய் வாங்க முடியாது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இந்த நாட்டுப் பணமான ராண்ட் விழுந்து கிடக்கிற விலையில் அழுகை வரும். எங்களுக்கே இப்படி என்றால், எங்களைவிட இல்லாத டவுன்ஷிப் பள்ளிகள், அதாவது கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த பேட்டைகளின் பள்ளிகள், இருக்கின்றன. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் அப்படியொரு பள்ளிப் பிள்ளைகள். ஹாலின் இன்னொரு பக்கத்தில், ஒரே அணிக்கு மூன்று புது கிட்டும் சொந்த மேசையும் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

2023 ஞாபகம் இருக்கிறதா? லோட்ஷெடிங் ஸ்டேஜ் 6. ஒரு நாளில் பத்து மணி நேரம்வரை மின்சாரம் இல்லாமல் போன வாரங்கள். ஜெனரேட்டரோ சோலாரோ வைத்திருந்த பள்ளிகளுக்குப் பயிற்சி தடைப்படவில்லை. மற்றவர்கள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ரோபோ கட்டினார்கள். டார்ச் வெளிச்சத்தில் கலர் சென்சாரைச் சரிபார்த்துவிட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் போய் ஓட்டினால் அது கறுப்புக் கோட்டையும் பச்சையையும் குழப்பிக்கொள்ளும். எங்களுக்கு அதுதான் நடந்தது, வலது பக்கம் திரும்ப வேண்டிய ரோபோ நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நின்றது. அன்றைக்கு வேறொரு அணியின் பெரிய பையன் வந்து, சுற்றுக்கு முன்னால் அந்த ஹாலின் வெளிச்சத்திலேயே சென்சாரை மறுபடி அளந்து வைக்க ஒரு சின்ன நிரல் எழுதிக்கொடுத்தான். ஏழெட்டு வரி இருக்கும். இன்றும் எங்கள் ரோபோவில் அது இருக்கிறது.

அதனால்தான் இங்கே கேபிள் கொடுப்பதை நான் தானமாகப் பார்ப்பதில்லை. அவர்கள் ரோபோ ஓடவே இல்லை என்றால் நாங்கள் யாரோடு போட்டி போட்டோம்? கொண்டி உடைந்ததால் ஒருவர் தோற்பது போட்டியின் முடிவா, கடைக்காரரின் முடிவா? இந்த ஊரில் வருடா வருடம் நடக்கிற காம்ரேட்ஸ் மாரத்தானைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1921இல் 34 பேரோடு தொடங்கியது, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். யார் முதலில் வந்தார் என்பது அடுத்த வாரம் பாதிப் பேருக்கு மறந்துவிடும். நேரம் முடிந்தது என்று துப்பாக்கி வெடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, கால் மடங்கி விழுந்தவனை முன்பின் தெரியாத இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவருவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எதிரணி விஷயம் இவ்வளவு பேசியாயிற்று. உண்மையில் எனக்கு எதிரணியால் தலைவலி வந்ததே இல்லை. சொந்த அணிக்குள்தான்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று பெருமையாகச் சொல்கிறோம். மேக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்து 1913இல் வெளியிட்ட கணக்கு வேறு விதமாக இருக்கிறது. தனியாக இழுப்பவன் பலத்தை 100 என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குச் சராசரி 49தான் வருகிறது. கொஞ்சம் ஒருவர் இழுப்பும் மற்றவர் இழுப்பும் ஒரே நேரத்தில் சேராததால், கொஞ்சம் "நாம இழுக்காட்டியும் தேர் ஓடும்" என்ற நினைப்பால். அமெரிக்க உளவியலாளர் பிப் லட்டானேயும் கூட்டாளிகளும் 1979இல் ஆட்களைக் கத்தவும் கைதட்டவும் வைத்துச் சோதித்தபோது அந்த இரண்டாவது காரணம் நிஜம்தான் என்று தெரிந்தது. அவர்களே அடுத்து இன்னொன்றையும் பார்த்தார்கள்: யார் எவ்வளவு செய்தார் என்று தனித்தனியாகத் தெரியும் என்றால் சோம்பல் போய்விடுகிறது.

எட்டுப் பேர் அணியில் இதை அப்படியே பார்க்கலாம். லேப்டாப் ஒன்று. அதன்முன் ஒருவன். அவன் பின்னால் இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். மற்ற ஐந்து பேர் ஹாலில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள், அல்லது போஸ்டருக்கு கலர் அடிப்பார்கள். போஸ்டருக்கு கலர் அடிக்க அனுப்பப்படுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே அது நடந்துவிடுகிறது, நானும் முதல் வருடம் கவனிக்கவே இல்லை. ஜட்ஜ் அறையில்தான் வெளிச்சமாயிற்று. அங்கே கோச் வாய் திறக்கக் கூடாது. ஜட்ஜ் ஒரு அம்மா, ஓரத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்து, "இந்தக் கை எப்படி வேலை செய்கிறது, நீ சொல்லேன்" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. பதில் தெரிந்த பையன் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறான். அந்த அம்மா அவனைப் பார்க்கவே இல்லை, பொறுமையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரை நிமிடம் எனக்கு யுகமாக இருந்தது. தப்பு அந்தப் பிள்ளை மேல் இல்லை, என் மேல்.

அப்புறம் முறையை மாற்றினோம். ஒவ்வொரு மிஷனுக்கும் இரண்டு பேர் சொந்தக்காரர்கள், கட்டுவதும் நிரல் எழுதுவதும் அவர்களே, லேப்டாப் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைமாறும், சமையல் டைமர் அடிக்கும். முதல் மாதம் புள்ளி குறைந்தது. சும்மா சொல்லவில்லை, நன்றாகவே குறைந்தது, கெட்டிக்காரப் பையனின் அம்மா போன் போட்டுக் கேட்கிற அளவுக்கு. அவனுக்கும் கோபம்தான். தானே செய்தால் பத்து நிமிடத்தில் முடிகிறதை இன்னொருத்திக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆகிறதே என்று. அவனைத் தப்பு சொல்ல முடியுமா? ஆனால் விளக்கி விளக்கி அவன் எழுதின நிரலில் இருந்த ஓட்டை அவனுக்கே தெரிந்தது.

மேசைப் பக்கம் நிற்கும்போது வருகிற கோபம் இன்னொரு வகை. ரோபோ தடம் மாறிப் போகிறது, ஒரு பிள்ளை பதறிப்போய்க் கையால் தூக்கிவிடுகிறது, ரெஃப்ரி ஒரு டோக்கனை எடுத்துவிடுகிறார். ஆறு டோக்கன் இருக்கும், சமீபத்திய சீசன்களில் ஆறும் மிஞ்சினாலும் 50 புள்ளி, ஐந்து மிஞ்சினாலும் 50 புள்ளி. அதாவது முதல் தப்புக்கு அபராதமே இல்லை. இரண்டாவதிலிருந்துதான் 35, 25 என்று இறங்கும். இதை எங்கள் பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. விதி மன்னித்த தப்பை இவர்கள் மன்னிக்க மாட்டேன் என்றார்கள், தொட்டவனை மூன்று நாள் பேசாமல் வைத்தார்கள்.

பெரியவர்கள் கை இன்னொரு தொல்லை. "இங்க குடு, நான் ஒரு தடவை காமிக்கிறேன்" என்று உட்காரும் அப்பா எழுந்திருக்க மாட்டார். உலக ரோபோ ஒலிம்பியாட் என்ற இன்னொரு போட்டியில், 2004இல் சிங்கப்பூரில் தொடங்கியது, அணிக்கு இரண்டு மூன்று பேர்தான், போட்டி நேரத்தில் கோச்சைப் பிள்ளைகளின் இடத்துக்குள் விடவே மாட்டார்கள். போதாக்குறைக்கு அன்று காலையில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாத புது விதி ஒன்றை அறிவிப்பார்கள். அப்பா வீட்டில் எழுதிக்கொடுத்த நிரல் அங்கே உதவாது. கயிறு கட்டி வெளியே நிறுத்தப்பட்ட பெற்றோர் முகங்களைப் பார்க்க வேண்டும், பிரசவ வார்டு தோற்றுவிடும்.

கேபிள் விஷயத்தில் கோபப்பட்ட அப்பாவிடம் இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை சொன்னேன். பிங்க் ஆரஞ்சுக் கணக்கைத் தாளில் போட்டும் காட்டினேன். கவனமாகக் கேட்டார், கணக்கைச் சரிபார்த்தார், "பிங்க் புரியுது" என்றார். கேபிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்கள் உதிரிப் பெட்டியில் இருந்த எல்லாக் கேபிளிலும் மஞ்சள் டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் அணியின் பெயர் எழுதி வைத்திருந்தார். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது: யாருக்குக் கொடுத்தது, எந்தத் தேதி, திரும்பியதா. முதல் வரியில் போன வருடத்துக் கேபிளை எழுதியிருக்கிறார். மூன்றாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.